மருத்துவ ஆராய்ச்சியில் எளியவர் பெற்ற இடம்

நோய்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பெரிய நூல்நிலையங்களையே நிரப்பும். அந்நோய்களைத் தம் உடலில் தாங்கி, மருத்துவர் கற்றுக்கொள்வதற்கு இடந்தந்த மக்களைப் பற்றி எழுதப்பட்டவை ஓர் அலமாரிக்கும் போதா. திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரித்தபோது நோயுற்றவனையே முதலில் நிறுத்தினார். மருத்துவனும் மருந்தும் உடனிருந்து உதவுவோனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். ஆனால் மருத்துவ ஆராய்ச்சியின் வரலாற்றில் அந்த வரிசை நெடுங்காலம் தலைகீழாகவே இருந்தது. ஆராய்ந்தோர் பெயர் ஏடுகளில் நின்றது. ஆராயப்பட்டோர் எண்களாக நின்றனர். பின்னொரு காலத்தில் அவர்களுட் பலர் அந்த எண்ணிக்கையிலிருந்தும் விடுபட்டுப் போயினர்.

இவ்விரண்டும் வெவ்வேறு குறைகள். கேளாமலே ஒருவனை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவது ஒன்று. ஆராய்ச்சியில் அவனுக்கு இடமே தராமல் விடுவது மற்றொன்று. இரண்டும் எவ்வாறு நேர்ந்தன, இரண்டையும் நீக்க உலகம் என்ன செய்து வருகிறது என்பதை அறிய மலாயாவின் பழைய வரலாற்றிலிருந்தே தொடங்கலாம்.

மூன்று மக்கள், மூன்று அரிசி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவின் ஈய லம்பங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி என்னும் நோய் பலரைக் கொன்றது. கால்கள் மரத்து நடை தளரும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் சோர்ந்து நின்றுவிடும். இந்நோய் சீனத் தொழிலாளரையே பெரிதும் பற்றியது. அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழருக்கு அது அரிதாகவே வந்தது. கம்பங்களில் வாழ்ந்த மலாய்க்காரரும் பெரும்பாலும் தப்பினர். இது இரத்தத்தின் இயல்பு, இனத்தின் குணம் என்று சொல்லிவிட்டு அப்பால் போவது எளிது.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராடன் அவ்வாறு போகவில்லை. அவர் மக்களின் சோற்றுப்பானையைப் பார்த்தார். மூன்று இனத்தாரும் உண்டது அரிசிச்சோறுதான்; ஆனால் அரிசி ஒன்றன்று. சீனர் உண்டது சியாம் முதலிய இடங்களிலிருந்து வந்த, இயந்திரத்தில் வெண்மையாகத் தீட்டப்பட்ட பச்சரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை வேண்டும்போது குத்தி உண்டனர். தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. நோய் அரிசியின் வழியே வருகிறது என்று பிராடன் 1907-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வாதிட்டார். பழைய அரிசியில் உண்டாகும் நஞ்சே காரணம் என்று அவர் கருதியது பிழை. ஆயினும் அரிசியை நோக்கி அவர் நீட்டிய விரல் சரியான திசையையே காட்டியது.

பிராடனின் கருத்தை வில்லியம் பிளெச்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் சோதித்தார். 1905-ஆம் ஆண்டு இறுதியில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டனர். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு பக்கக் கட்டடத்திற்கும், இரட்டைப்படை எண்ணினர் மறுபக்கக் கட்டடத்திற்கும் அனுப்பப்பட்டனர். ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசி. மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசி. நோய் கட்டடத்தைப் பற்றியதோ என்ற ஐயம் எழாதிருக்க, இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினர். ஓராண்டு முடிவில் பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கு மேற்பட்டோர் பெரிபெரிக்கு ஆளாயினர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள்.

1900-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அடுத்து இவ்வாராய்ச்சியை ஏற்றது. அதன் இயக்குநர் ஃபிரேசரும் அவருடன் பணியாற்றிய ஸ்டான்டனும் 1907-இல் நெகிரி செம்பிலானின் துரியான் தீப்புஸ் என்னும் ஒதுக்கிடத்தில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஏறக்குறைய 300 ஜாவாத் தொழிலாளரிடையே சோதனை நடத்தினர். அங்கும் தீட்டிய அரிசி உண்டோருக்கே நோய் வந்தது. அரிசியை மாற்றியதும் நோய் நின்றது. தீட்டும்போது கழிந்துபோகும் தவிட்டிலேயே நோயைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்று அவர்கள் பின்னர் காட்டினர். நெல்லைப் புழுக்கும்போது அப்பொருளின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. 1926-ஆம் ஆண்டில் பத்தாவியாவில் யான்சன், டோனாத் என்னும் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். இன்று பி1 உயிர்ச்சத்து என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்திருப்பது அதுவே.

இவ்வரலாறு தரும் படிப்பினை ஒன்று உண்டு. சீனரை மட்டும் ஆராய்ந்திருந்தால் உண்மை தெரிந்திராது. எல்லாரும் அதே அரிசியை உண்டமையால் அரிசியின் மேல் ஐயமே எழுந்திராது. தமிழரை மட்டும் ஆராய்ந்திருந்தால் அப்படி ஒரு நோய் உண்டு என்பதே புலப்பட்டிராது. பல மக்களை ஒருங்கே வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் வெளிப்பட்டது; இனத்தின் குணம் என்று தோன்றியது உணவின் குணம் என்று தெளிந்தது. ஆகவே பல சமூகத்தாரையும் ஆராய்ச்சியில் சேர்ப்பது அவர்களுக்குச் செய்யும் தயவன்று. அறிவியல் தன் உண்மையைக் காண்பதற்கு அதுவே வழி.

மண்ணீரலை எண்ணிய மருத்துவர்

மலேரியாவின் கதையும் இதைப் போன்றதே. 1901-இல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டி நீரை வடியச்செய்து கிள்ளானையும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் காய்ச்சலிலிருந்து மீட்டார். பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. காட்டை அழித்து நட்ட புதுத் தோட்டங்களில், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் காய்ச்சலால் மடிந்தனர். சில தோட்டங்களில் ஓராண்டில் ஆயிரத்துக்கு நூறு பேருக்கு மேல் இறந்தனர்.

ஒரு தோட்டத்தில் எவ்வளவு மலேரியா இருக்கிறது என்பதை அறிய வாட்சன் கையாண்ட முறைகளுள் முதன்மையானது குழந்தைகளின் வயிற்றைத் தடவிப் பார்ப்பது. அடிக்கடி காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். பெரியவர்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவர். குழந்தைகளோ லயத்தோடு இருப்பர். ஆகையால் நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்ற கணக்கு, அத்தோட்டத்தின் நிலையை உள்ளபடியே காட்டிவிடும். தாழ்ந்த கரையோரத் தோட்டங்களில் நோய் பரப்பும் கொசு வேறு, மலைச்சரிவுத் தோட்டங்களில் அதைப் பரப்பும் கொசு வேறு என்பதும், ஓரிடத்தில் பயன்பட்ட முறை மற்றோரிடத்தில் கேடாக முடியலாம் என்பதும் இத்தகைய கணக்குகளாலேயே தெளிந்தன. கரையோரக் கொசு நிழலடர்ந்த நீரை நாடுவது; மலைக்கொசு வெயில்பட்ட தெளிந்த ஓடையை நாடுவது. காட்டை வெட்டி வெளியாக்கினால் முன்னது குறையும், பின்னது பெருகும். இந்த அறிவு வாட்சனின் நூல் வழியாக உலகெங்கும் பரவியது. 1930-களில் கொய்னாவுக்கு மாற்றாக அட்டபிரின் என்ற செயற்கை மருந்து வந்தபோது, அதன் ஆற்றலும் மலாயாத் தோட்டங்களில் அளந்தறியப்பட்டது.

இவற்றால் தொழிலாளர் பயன் பெறவில்லை என்று சொல்ல முடியாது. பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன. ஆனால் அக்காலத்து அறிக்கைகளைப் புரட்டினால் அவர்கள் ‘தமிழ்க்கூலிகள்’, ‘ஜாவாக்காரர்’ என்ற தலைப்புகளின்கீழ் எண்களாகவே காணப்படுகின்றனர். ‘இதைச் செய்யப் போகிறோம், உமக்குச் சம்மதமா?’ என்று அவர்களைக் கேட்டே தீரவேண்டும் என்ற விதி அந்நாளில் மலாயாவில் இல்லை. மனநோய் மருத்துவமனையில் பச்சரிசிப் பக்கம் நிறுத்தப்பட்டு இறந்த 18 பேருக்கும் தம்மைக் கொண்டு என்ன அறியப்பட்டது என்பது தெரிந்திராது.

கேளாமையால் விளைந்த கேடு

கேட்க வேண்டும் என்ற விதி பெருந்துன்பத்திற்குப் பிறகே பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் நாஜி மருத்துவர் சிறைமுகாம்களில் செய்த கொடுமைகளை விசாரித்த நீதிமன்றம், 1947-ஆம் ஆண்டில் நியூரம்பர்க் நெறிகள் எனப்படும் பத்து விதிகளை வகுத்தது. மனிதன் தானே விரும்பித் தரும் இசைவு இன்றியமையாதது என்பதே அவற்றுள் முதலாவது. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி நகரில் கூடி மருத்துவருக்கான நெறிமுறைப் பிரகடனத்தை வெளியிட்டது.

ஏட்டில் விதி ஏறியும் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓர் அநீதி தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. டஸ்கீகி என்னும் ஊரையொட்டி 1932-இல் அரசாங்கச் சுகாதாரத் துறை 600 கறுப்பின ஆண்களை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்கு மேகப்புண் நோய் இருந்தது. அவர்களுக்கு நோயின் பெயர் உண்மையாகச் சொல்லப்படவில்லை. ‘கெட்ட இரத்தம்’ என்று சொல்லி வைத்தனர். 1940-களில் பென்சிலின் வந்து அந்நோயைத் தீர்க்கும் மருந்து எங்கும் கிடைத்தபிறகும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. தீர்க்காமல் விட்டால் நோய் எப்படி முடியும் என்று பார்ப்பதே ஆராய்ச்சியின் நோக்கமாயிருந்தது. 1972-இல் செய்தித்தாள்கள் வெளியிட்ட பிறகே அது நின்றது. 1997-இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்; அப்போது உயிரோடிருந்தவர் மிகச் சிலரே.

ஏழைகளும் சிறுபான்மையினரும் ஆராய்ச்சி என்றால் அஞ்சுகின்றனர், ஒதுங்குகின்றனர் என்று குறை கூறுவோர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த அச்சம் அறியாமையால் மட்டும் வந்ததன்று, பட்டறிவாலும் வந்தது.

வேலியே தடையாயிற்று

அதன்பின் காவல் விதிகள் பெருகின. அது நன்மையே. ஆனால் எளியவரைக் காக்க எழுப்பிய வேலி சில இடங்களில் அவர்களை வெளியே நிறுத்தும் தடையாகவும் ஆயிற்று. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பிள்ளைபெறும் வயதுடைய பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்கலாகாது என்று வழிகாட்டியது. கருவிலுள்ள குழந்தையைக் காப்பதே நோக்கம். விளைவோ, ஆண்களிடம் அளந்த அளவை வைத்துப் பெண்களுக்கு மருந்து கொடுக்க நேர்ந்தது.

வேறு தடைகளும் இருந்தன. இசைவுப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலம் அறியாதவன் தானே விலகிவிடுவான். பகல் வேளையில் பெரிய நகரத்து மருத்துவமனைக்கு வரச்சொன்னால் நாட்கூலிக்காரன் வரமாட்டான். ஒரு நாள் இரத்தம் கொடுக்கப் போனால் அன்றைய கூலி போய்விடும். இவ்வாறு எவரும் ‘நீ வராதே’ என்று சொல்லாமலே பலர் வராமற்போயினர். 1993-இல் அமெரிக்கச் சட்டமன்றம், அரசாங்கப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிகளில் பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்க்க வேண்டும் எனச் சட்டமியற்றியது. ஆயினும் மரபணு ஆராய்ச்சி என்னும் புதுத்துறை பழைய வழியிலேயே நடந்தது. 2009-இல் எடுத்த கணக்கின்படி, அத்துறையின் பேராராய்ச்சிகளில் இடம்பெற்றோரில் நூற்றுக்கு 96 பேர் ஐரோப்பிய வழியினர். 2016-இல் அது 81 ஆகக் குறைந்தது. உலக மக்களில் ஆசியரும் ஆப்பிரிக்கரும் எத்தனை பேர் என்பதை நினைத்தால் இந்த எண்ணின் கோணல் விளங்கும்.

விடுபட்டோர்க்கு வந்த குறை

விடுபடுவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். கார்பமஸெப்பின் என்பது வலிப்பு நோய்க்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் மருந்து. மேல்நாட்டில் பெரும்பாலோர்க்குத் தீங்கின்றிப் பயன்பட்டது. ஆனால் ஆசியர் சிலருக்கு அதனால் தோல் கொப்புளித்து உரிந்து உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. 2004-இல் தைவான் ஆராய்ச்சியாளர் அதற்குக் காரணமான மரபுக்கூற்றைக் கண்டனர். அது ஐரோப்பியரிடம் அரிது; சீனரிடமும் மலாய்க்காரரிடமும் மிகுதி; இந்தியரிடமும் உண்டு. 2013-இல் சிங்கப்பூர், அம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் அதற்கான இரத்தச் சோதனை செய்வதை வழக்கமாக்கியது. ஆசியரை முன்னரே ஆராய்ந்திருந்தால் அத்தீங்கும் முன்னரே தெரிந்திருக்கும்.

மற்றொன்று உடற்பருமன் அளவு. உயரத்தோடு எடையை ஒப்பிட்டு 25-க்கு மேல் போனால் மிகை எடை என்பது ஐரோப்பிய மக்களை வைத்து வகுத்த கணக்கு. அந்த எல்லைக்குள் இருந்த ஆசியர் பலருக்கும் நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் வந்தன. 2002-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் சிங்கப்பூரில் கூடி ஆராய்ந்தனர்; ஆசியருக்கு 23 என்ற அளவிலேயே எச்சரிக்கை தேவை என்ற கருத்து 2004-இல் வெளிவந்தது. 24 என்ற அளவைக் கண்டு ‘நலமாயிருக்கிறீர்’ என்று அனுப்பிவைக்கப்பட்டவர் எத்தனை பேரோ!

சேர்ந்ததால் வந்த பயன்

சேர்த்துக்கொண்டால் என்ன நன்மை என்பதற்கு அமெரிக்காவின் டல்லஸ் நகரம் சான்று தரும். அங்கு 2000-ஆம் ஆண்டளவில் தொடங்கிய இதய ஆராய்ச்சியில் கறுப்பினத்தார் பாதியளவு இருக்குமாறு வேண்டுமென்றே சேர்த்தனர். அவர்களுள் நூற்றுக்கு இருவர் அளவினருக்கு ஒரு மரபணு வேலை செய்யாதிருந்தது. அதனால் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு மிகக் குறைவாக இருந்தது. ஹெலன் ஹாப்ஸ், ஜோனத்தன் கோஹன் என்னும் இருவர் 2005-இல் இதை வெளியிட்டனர். அத்தகையோருக்கு இதயநோய் மிக அரிது என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. அந்த மரபணு ஆக்கும் புரதத்தைத் தடுக்கும் புதிய மருந்துகள் 2015-இல் விற்பனைக்கு வந்தன. விடுபட்டிருந்த மக்களைச் சேர்த்ததால் கிடைத்த மருந்து இன்று எல்லா இனத்தாருக்கும் பயன்படுகிறது. துரியான் தீப்புஸில் கண்ட உண்மையே டல்லஸிலும் காணப்பட்டது.

மலேசியாவில் தேசியப் பல்கலைக்கழகம் 2006 முதல் 2012 வரை 35 வயதுக்கு மேற்பட்ட 106,527 பேரைச் சேர்த்து, அவர்களின் உடல்நிலையைத் தொடர்ந்து கவனிக்கும் பேராராய்ச்சியைத் தொடங்கியது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் அதில் உள்ளனர். சிங்கப்பூரில் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தறிந்து 2019-இல் வெளியிட்டனர். அவர்களில் 903 பேர் மலாய்க்காரர், 1,127 பேர் இந்தியர். இந்தியரின் இந்தப் பங்கு சிங்கப்பூர் மக்கள்தொகையில் அவர்கள் பெற்றுள்ள பங்கைவிட மிகுதி.

அம்மிகுதி ஏன் வேண்டும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். மலேசியரில் இந்தியர் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர். ஆயிரம் பெரியவர்களை எழுந்தமானமாகத் தேர்ந்தால் இந்தியர் 70 பேர் இருப்பர். அவர்களில் பெண்கள் 35 பேர். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேர் அளவில் நீரிழிவுடையோர். ஆகவே அந்த 35 பெண்களில் நீரிழிவுடையோர் பதினொருவரே. பதினொருவரை வைத்து ஒரு மருந்து ஏற்றதா இல்லையா என்று சொல்ல எவராலும் முடியாது. சிறு சமூகத்திலிருந்து கூடுதலானோரைச் சேர்த்தால்தான் அவர்களைப் பற்றி உறுதியாக ஏதேனும் சொல்லலாம். மூன்று பேரினங்களைக் கணக்கிட்டதோடு வேலை முடிந்தது என்றும் எண்ணலாகாது. ஓராங் அஸ்லி மக்களும், சபா, சரவாக் பூர்வகுடிகளுள் ஒவ்வொரு தனிக் குழுவினரும் அவர்களினும் சிறிய எண்ணிக்கையினர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இந்தியருக்கு நீரிழிவு மிகுதி என்றதும் அது இரத்தத்தில் எழுதியது என்று முடிவு கட்டிவிடலாகாது. பெரிபெரியைத் தமிழருக்கு வராத நோய் என்று முடிவு கட்டியிருந்தால் புழுங்கலரிசியின் உண்மை மறைந்தே போயிருக்கும். மரபு ஒரு பங்கு. உணவு, உழைப்பு, வருமானம், வாழிடம் ஆகியவை மற்றப் பங்கு. இவற்றைப் பிரித்தறிவதற்கே மக்கள் பலரும் ஆராய்ச்சியில் வேண்டும்.

கேட்கும் முறையும் கேட்கவேண்டியவையும்

மக்களைச் சேர்க்க விரும்புவோர் முதலில் அவர்கள் மொழியில் பேச வேண்டும். படிவத்தை அகராதித் தமிழில் பெயர்த்துக் கையொப்பம் வாங்குவது பேசுவதாகாது. ஊர்க்காரர் நம்பும் தாதி, ஆசிரியர், கோவில் தலைவர் போன்றோர் முன்னிலையில், கேள்வி கேட்க இடந்தந்து விளக்க வேண்டும். ஆராய்ச்சி மக்கள் இருக்கும் இடத்திற்கு வரவேண்டும். வேலை முடிந்த மாலையிலும் ஓய்வு நாளிலும் நடைபெற வேண்டும். இழக்கும் கூலிக்கும் வழிச்செலவுக்கும் ஈடு தரவேண்டும். எல்லாவற்றினும் மேலாக, கண்டறிந்ததைத் திரும்ப வந்து சொல்ல வேண்டும். இரத்தம் வாங்கிப் போனவர் மறுபடி எட்டிப் பாராவிட்டால், அடுத்து வருவோருக்குக் கதவு திறக்காது. அமெரிக்காவில் 2018-இல் நாடெங்கும் தொடங்கிய பேராராய்ச்சி ஒன்று இவ்வகையில் முயன்றது. 2024-இல் அது வெளியிட்ட 245,388 பேரின் மரபணு விவரங்களில் நூற்றுக்கு 77 பேர், முன்பு ஆராய்ச்சிகளில் குறைவாக இடம்பெற்ற சமூகத்தார்.

அழைக்கப்படுவோரும் அச்சத்தால் ஓடவேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டவும் வேண்டியதில்லை. நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும். எதை அறிய இதைச் செய்கிறீர்கள்? எனக்கு என்ன தீங்கு நேரக்கூடும்? வேண்டாமென்று இடையில் விலகினால் எனக்குரிய வைத்தியம் குறையுமா? கண்டதை எனக்கும் சொல்வீர்களா? நேர்மையான ஆராய்ச்சி இந்நான்கிற்கும் நேரான விடை தரும். தராத ஆராய்ச்சியில் சேராதிருப்பதும் ஒருவரின் உரிமையே.

2024-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை உலக மருத்துவச் சங்கம் திருத்தியபோது ஒரு சொல்லை மாற்றியது. அதுவரை ‘ஆராய்ச்சிக்கு உட்படுவோர்’ என்ற பொருளில் இருந்த சொல்லை நீக்கிப் ‘பங்கேற்போர்’ என்று எழுதியது. சொல் மாற அறுபதாண்டு ஆயிற்று. மண்ணீரல் எண்ணப்பட்ட அந்தக் குழந்தைகளின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இன்று தோட்டங்களை விட்டு நகரங்களில் வாழ்கின்றனர். நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் மருந்துச்சீட்டு வாங்கிக்கொண்டு மருத்துவமனைகளில் காத்திருக்கின்றனர். அவர்கள் உண்ணும் மருந்தின் அளவு அவர்களைப் போன்றோரிடம் அளந்து அறியப்பட்டதாயிருக்க வேண்டும். அதற்கு ஆராய்ச்சியாளர் கேட்கவேண்டும். மக்கள் கேள்வி கேட்டு, விளங்கிக்கொண்டு, முன்வர வேண்டும்.